கண்ணாடியும் கணக்கும்

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு நாள் திடீரென்று கை குட்டையாகிவிடுகிறது. நேற்று வரையில் சௌகரியமாகப் பத்திரிகை படித்த தூரத்தில் இன்று எழுத்துக்கள் கலங்குகின்றன. சற்றுத் தள்ளிப் பிடித்தால் தெளிகின்றன. மறு வருஷம் இன்னும் கொஞ்சம் தள்ள வேண்டியிருக்கிறது. கடைசியில், தள்ளுவதற்குக் கை போதவில்லை. நமக்கும் அந்த நிலை வந்து சேர்ந்தது. பரீட்சைத் தாள்களைத் திருத்தும்போது 3-க்கும் 8-க்கும் பேதம் தெரியாமல் ஒரு பையனுக்கு மார்க்கை வாரி வழங்கிவிட்டோம். அவன் ஆட்சேபணை ஒன்றும் செய்யவில்லை. அடுத்த பெஞ்சுப் பையன்தான் செய்தான்.

இதற்கு வெள்ளெழுத்து என்று பெயர். நம் பாட்டனார் காலத்தில் சாளேசுவரம் என்பார்கள். இதை வியாதி என்று சொல்வதற்கில்லை. கண்மணிக்குப் பின்னால் இருக்கும் இயற்கை லென்ஸ், இளமையில் கிட்டத்துப் பொருளைப் பார்க்கும்போதெல்லாம் வேண்டிய அளவுக்குப் பருத்துக் கொடுக்கிறது. வயது ஏற ஏற அது விறைத்துப் போய் வளைய மறுக்கிறது. மனிதர்களின் அபிப்பிராயங்களும் வயதானால் அப்படித்தான் ஆகின்றன. ஆகையால் லென்ஸை மட்டும் குற்றம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஒரு ஜோடிக் கண்ணாடியால் தீரக்கூடிய குறை இது. ஆயினும் அந்த ஒரு ஜோடி கிடைக்காமல் கிட்டப் பார்வை குன்றியவர்கள் உலகில் 82 கோடியே 60 லட்சம் பேர் என்று, 2019-இல் உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது.

ஆனால் இந்த வாரம் நாம் எழுத வந்தது நமது கண்ணாடியைப் பற்றி அல்ல. கண்ணாடி எழுதிக் கொடுக்கக் கற்றுக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றியும், அவர்கள் கற்கும் பாடங்களுள் மிகவும் அலட்சியம் செய்யப்படும் ஒரு பாடத்தைப் பற்றியுமே எழுத வந்தோம்.

*

குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்துவிட்டால், தென்காசியில் குடியிருப்பவர்களுக்குச் சொந்தக்காரர்கள் பெருகிவிடுவார்கள். வருஷம் முழுவதும் ஒரு கார்டு போடாதவர்கள்கூடச் சாரல் விழுந்த செய்தி கேட்டதும் குசலம் விசாரிக்கிறார்கள். அப்படி ஒரு ஆனி மாதத்துச் சனிக்கிழமையன்று நம் வீட்டு வாசலில் நாலு இளைஞர்கள் வந்து நின்றார்கள். அவர்களில் ஒருத்தி, நம்மிடம் பத்தாம் வகுப்பில் கணக்குப் படித்த பெண். இப்போது வெளியூரில் ஆப்டோமெட்ரி படிக்கிறாள். மற்ற மூவரும் அவளுடைய வகுப்புத் தோழர்கள்.

ஆப்டோமெட்ரி என்பது கண் வைத்தியம் அன்று. கண்ணின் பார்வையை அளந்து, குறைக்குத் தக்க கண்ணாடியைத் தீர்மானிக்கும் சாஸ்திரம். கண்ணில் நோய் இருப்பதைக் கண்டால் வைத்தியரிடம் அனுப்புவதும் அதில் சேர்ந்ததுதான். சென்னையில் சங்கர நேத்ராலயத்தைச் சேர்ந்த எலைட் பள்ளி 1985-இல் இதற்கெனத் தொடங்கப்பட்டது. இன்று தமிழ் நாட்டில் பல கலாசாலைகளில் நாலு வருஷப் பட்டப் படிப்பாக இது நடக்கிறது. பட்டம் பெறும் முன்பு ஒவ்வொருவரும் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிக் கொடுக்க வேண்டும். அங்கேதான் தொல்லை ஆரம்பிக்கிறது.

"ஸார், ஆராய்ச்சி முறை என்று ஒரு பேப்பர் இருக்கிறது. நோட்ஸ் சொல்லிக் கொடுத்தார்கள், எழுதிக்கொண்டோம். பரீட்சையும் பாஸ் செய்துவிட்டோம். ஆனால் அது எதற்கென்றுதான் தெரியவில்லை" என்றாள் நம் பழைய மாணவி.

அவளுடைய தோழன் ஒருவன் இன்னும் கொஞ்சம் மனம் திறந்து பேசினான். சென்ற வருஷத்து மாணவர் ஒருவர் தம்முடைய கட்டுரையை அவர்களுக்குத் தானம் செய்திருந்தாராம். நூறு பேரைப் பரிசோதித்ததாக அதில் கணக்கு இருந்ததாம். "ஊர்ப் பெயரையும் வருஷத்தையும் மாற்றி, நம்பரை அங்கங்கே கொஞ்சம் ஏற்றி இறக்கினால் போதும், ஸார்" என்றான். அந்தக் கட்டுரையையும் அவர் அப்படித்தான் எங்கிருந்தோ பெற்றார் என்று தெரிய வந்தது. எந்தக் கலாசாலை என்பதை நாம் கேட்கவில்லை. அவர்கள் சொன்னாலும் இங்கே எழுதப் போவதில்லை. பரீட்சைக்காகப் பரிசோதனை செய்கிற எல்லா இடங்களிலும் இந்தப் பழக்கம் தலைகாட்டக் கூடியதுதான்.

"முதலில் போய் ஸ்நானம் செய்துவிட்டு வருவோம். பாடம் அங்கேயே கிடைக்கும்" என்று அவர்களைக் கிளப்பினோம்.

*

அன்று பேரருவியில் கூட்டம் தாங்கவில்லை, ஐந்தருவிக்குப் போனோம். சாரல் முகத்தில் ஊசி ஊசியாக விழுந்துகொண்டிருந்தது. குளித்துவிட்டு, மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்திருந்த கடைகளைத் தாண்டி, சுக்குக் காப்பி குடிக்க உட்கார்ந்தோம். பக்கத்துப் பெஞ்சில் ஒரு பெரியவர், தலையைத் துவட்டிக்கொண்டே அருவியின் மகிமையை வர்ணித்துக்கொண்டிருந்தார். "வரும்போது கண் இரண்டும் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்திருந்தது. மெட்ராஸ் ஐ. பத்து நாள் அருவியில் குளித்தேன். பாருங்கள், பளிங்கு மாதிரி ஆகிவிட்டது!" என்றார்.

மாணவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். நாம், "சிரிக்க வேண்டாம். அவர் சொல்வது பொய் என்று எப்படி ருசுப்படுத்துவீர்கள்?" என்று கேட்டோம்.

மூன்று பேர் மௌனமானார்கள். நம் மாணவி மட்டும், "மெட்ராஸ் ஐ பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரத்தில் தானே சரியாகிவிடும், ஸார். அவர் அருவியில் குளிக்காமல் இருந்தாலும் சரியாகியிருக்கும்" என்றாள்.

"இருக்கும் என்கிறாய். அதைக் காட்ட என்ன வேண்டும்?"

"அதே மாதிரி கண் சிவந்து, குளிக்காமல் இருந்த இன்னொருவர் வேண்டும்."

"ஒருவர் போதுமா?"

"பல பேர் வேண்டும்" என்றாள்.

நோட்டுப் புத்தகத்தில் அரைப் பக்கம் எழுதி வைத்துக்கொண்டிருந்த விஷயத்தை அவளே ஒரு டம்ளர் சுக்குக் காப்பி ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிட்டாள். தானே குணமாகிற நோய்க்குக் கடைசியாக எதைச் செய்தோமோ அதுவே மருந்து என்று பெயர் வாங்கிவிடும். அந்தப் பெயர் நியாயந்தானா என்று பார்க்க, அதைச் செய்யாத ஒரு கூட்டம் பக்கத்தில் இருக்க வேண்டும். இது பெரிய சாஸ்திரம் அல்ல. ஆனால் இதை மறந்ததனால் உலகத்தில் விற்பனையான தைலங்களுக்கும் லேகியங்களுக்கும் கணக்கே இல்லை. (பெரியவரிடம் நாம் ஒன்று சொல்லிவிட்டுத்தான் வந்தோம்: மெட்ராஸ் ஐ கையாலும் துண்டாலும் பரவும், கண் சிவந்திருக்கும்போது பொது இடத்தில் குளிப்பது பிறருக்கு நல்லதல்ல. அவர் அதை அவ்வளவாக ரசிக்கவில்லை.)

*

மாலையில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவர்களுக்கு அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தின் கதையைச் சொன்னோம். இது கட்டுக்கதை அல்ல; 2018-இல் லான்ஸெட் குளோபல் ஹெல்த் என்ற வைத்தியப் பத்திரிகையில் வெளிவந்த ஆராய்ச்சி.

நாற்பதும் அதற்கு மேலும் வயதான 751 தேயிலைத் தொழிலாளிகளை ஆராய்ச்சியாளர்கள் தேர்ந்தெடுத்தார்கள். எல்லோருக்கும் தூரப் பார்வை நன்றாக இருந்தது. கிட்டப் பார்வையில் குறை இருந்தது. அவர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு உடனே இலவசமாகக் கண்ணாடி. மற்றக் கூட்டத்துக்கு ஆராய்ச்சி முடிந்த பிறகு அதே கண்ணாடி. சில வாரங்கள் சென்றபின், ஒவ்வொருவரும் ஒரு நாளைக்குப் பறிக்கும் கொழுந்தின் எடை எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்த்தார்கள். கண்ணாடி போட்டவர்கள் சராசரி 9.84 கிலோ கூடுதலாகப் பறித்தார்கள்.

"பிரமாதம்!" என்றான் ஒருவன்.

"பொறு, தம்பி. கண்ணாடி போடாதவர்களும் 4.59 கிலோ கூடுதலாகப் பறித்தார்கள்."

அவன் முகம் வாடிவிட்டது. ஆனால் பாடம் முழுவதும் அந்த 4.59-இல்தான் இருக்கிறது. தேயிலைக்குப் பருவம் உண்டு. கொழுந்து செழிக்கும் வாரத்தில் யார் பறித்தாலும் கூடை கனக்கும். தங்களை யாரோ கவனிக்கிறார்கள் என்று தெரிந்தால் கைகளுக்கும் சுறுசுறுப்பு வரும். இத்தகைய காரணங்கள் இரண்டு கூட்டத்துக்கும் பொது. ஆகையால் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மிஞ்சுகிற 5.25 கிலோவே கண்ணாடியின் சொந்தச் சம்பாத்தியம். விகிதத்தில் அது சுமார் 22 சதவீதம். இரண்டாவது கூட்டம் இல்லாதிருந்தால், பருவத்தின் வேலையையும் கண்ணாடியின் வேலையென்று எழுதியிருப்பார்கள். பாதிக்குப் பாதி பொய் சொல்லியிருப்பார்கள். யாரும் வேண்டுமென்று சொன்ன பொய்யாக அது இருந்திராது. அதனாலேயே அபாயம் அதிகம்.

"யாருக்கு முதலில் கண்ணாடி என்பதை எப்படித் தீர்மானித்தார்கள், ஸார்? கஷ்டப்படுகிறவர்களுக்கு முதலில் கொடுப்பதுதானே தர்மம்?" என்று கேட்டாள் இன்னொரு பெண்.

நல்ல கேள்வி. கஷ்டப்படுகிறவர்களை ஒரு பக்கமும் மற்றவர்களை ஒரு பக்கமும் வைத்தால், ஆரம்பத்திலேயே கூட்டங்கள் இரண்டும் வேறுவேறாகிவிடும். நமக்குப் பிடித்தவர்களைப் பொறுக்கினாலும் அதே கதிதான். ஆகவே சீட்டுக் குலுக்குவதே வழி. இது அந்நிய நாட்டிலிருந்து வந்த புது வித்தை என்று யாரும் மிரள வேண்டாம். பத்தாம் நூற்றாண்டில் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டிலே, பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, சபைக்கு ஆள் எடுக்கும் விதி விவரமாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. பட்சபாதம் கூடாது என்பதுதான் அங்கேயும் நோக்கம். நம் முன்னோர் ஊர் நிர்வாகத்துக்குச் செய்ததை, நாம் உண்மையைத் தேடுவதற்குச் செய்கிறோம்.

அந்த வழியில் உலகத்துக்கே பாடம் சொன்ன பெருமையும் தமிழ் நாட்டுக்கு உண்டு. 1956-இல் சென்னையில் காசநோய்ச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. க்ஷயரோகிகளை ஸானடோரியத்தில் வைத்து, நல்ல ஆகாரமும் ஓய்வும் கொடுத்தால்தான் பிழைப்பார்கள் என்று எல்லோரும் நம்பிய காலம் அது. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியை ஸானடோரியத்திலும் மறு பாதியை அவரவர் வீட்டிலும் வைத்து, ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நெருக்கமான ஏழைக் குடித்தனங்களில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தார்கள். 1959-இல் அந்த முடிவு வெளிவந்த பிறகு, படுக்கை கிடைக்காமல் காத்திருந்த லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு வழி பிறந்தது. பெரிய மனிதர்களின் அபிப்பிராயத்தை ஒரு நேர்மையான கணக்கு திருத்தியது.

*

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நம் மாணவி தயங்கித் தயங்கி ஒரு விஷயத்தைச் சொன்னாள். அவளுடைய தாயார் பீடி சுற்றுகிறவர். அந்தக் கூலியிலிருந்துதான் அவளுடைய பள்ளிச் செலவெல்லாம் நடந்தது. 2019-இல் தனி ஜில்லாவாகிய இந்தத் தென்காசிப் பிரதேசத்தில், மடியில் சுளகை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெண்களை எந்தத் தெருவிலும் பார்க்கலாம். இலையை அளவாக வெட்டி, தூளை நிரப்பி, உருட்டி, நூலால் கட்டி, முனையை மடக்கும் வேலை அவ்வளவும் கிட்டப் பார்வையால் ஆவது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. நாற்பது வயதுக்கு மேல் நூல் தெரியாமல் போனால், கூலியும் மங்கிவிடும்.

"தேயிலைக்குச் செய்தது போல் பீடிக்கும் செய்தால் என்ன, ஸார்? கண்ணாடி கொடுத்து, ஒரு நாளைக்கு எத்தனை பீடி கூடுகிறது என்று பார்க்கலாமே?" என்றாள்.

பீடி நல்ல பொருள் அல்ல என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அதைச் சுற்றிப் பிழைக்கிறவளின் கண் நல்ல கண். அவளுக்கு வேறு பிழைப்பு வரும் வரையில் அந்தக் கண்ணைக் காக்க வேண்டியது நம் கடமையே. ஆகவே மறு நாள் காலையில் எல்லோருமாக அவளுடைய கிராமத்துக்குப் புறப்பட்டோம்.

திண்ணையில் நாலைந்து பெண்கள் வேலையாக இருந்தார்கள். நம் மாணவி, பக்கத்து வீட்டு அம்மாளின் அருகில் உட்கார்ந்து, தான் தயாரித்த கேள்வியைக் கேட்டாள்.

"அத்தை, கண்ணாடி போட்டால் ஒரு நாளைக்கு எத்தனை பீடி கூடுதலாகச் சுற்றுவீர்கள்?"

அந்த அம்மாள் கையை நிறுத்தாமலே பதில் சொன்னாள்: "கூடுதலாச் சுத்த இலைக்கு எங்கே போக? கடையில அளந்துல்லா குடுக்காவ!"

மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் பீடியின் எண்ணிக்கை ஏறப் போவதில்லை. கொடுத்த இலைக்குத்தான் பீடி. இது தெரியாமல் ஆராய்ச்சியை நடத்தி, "கண்ணாடியால் பிரயோஜனம் இல்லை" என்று முடிவு கட்டியிருந்தால்?

"அப்படியானால் கண்ணாடியால் என்ன லாபம், அத்தை?"

"வெளிச்சம் இருக்கையிலேயே முடிச்சிரலாமே! இப்பம் ராத்திரி லைட்டுக்கு அடியில கெடந்து சுத்துதேன். நூலு தெரியாமக் கட்டுனா, கடையில கழிச்சுப் போட்டுருதாவ."

எதை அளக்க வேண்டும் என்பதை அந்த அம்மாள் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். வேலை முடிய எவ்வளவு நேரம் ஆகிறது? கடையில் எத்தனை பீடி கழிபடுகிறது? இவை இரண்டுமே கேள்விகள். இரண்டாவதில் இன்னொரு நன்மையும் இருந்தது. கடையில் பீடியைக் கழிக்கிறவருக்கு யார் கண்ணாடி போட்டவர், யார் போடாதவர் என்பது தெரியாது. ஆகையால் அவருடைய கணக்கில் பட்சபாதம் நுழைய வழியில்லை. அதற்கு மாறாக, நம் மாணவியே போய், "இப்போது நன்றாகத் தெரிகிறதா, அத்தை?" என்று கேட்டால், "நல்லாத் தெரியுது தாயி" என்றுதான் பதில் வரும். படித்த பெண்ணின் மனம் நோகக் கூடாது என்று பொய் சொல்லும் தாட்சணியம் நம் ஜனங்களுக்கு நிறைய உண்டு. ஆராய்ச்சியாளனுக்கு இந்தத் தாட்சணியமே பெரிய சத்துரு.

வேறொரு பாடமும் அந்தத் திண்ணையில் கிடைத்தது. கிட்டப் பார்வையை 40 சென்டிமீட்டர் தூரத்தில் சோதிப்பது வழக்கம். மாணவர்கள் நாடாவை எடுத்துக் கண்ணுக்கும் கைக்கும் நடுவே அளந்தார்கள். குனிந்து சுற்றுகிறவருக்கு முப்பது வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தவருக்கு ஐம்பது வந்தது. ஆளையும் அவள் உட்காரும் விதத்தையும் பார்க்காமல் எழுதிக் கொடுத்த கண்ணாடி, பெட்டிக்குள்தான் தூங்கும்.

எழுத்து அட்டையின் விஷயமும் பேச்சில் வந்தது. 1862-இல் ஹாலந்து தேசத்து ஸ்நெல்லன் வகுத்த அட்டையில் இருப்பவை ஐரோப்பிய எழுத்துக்கள். 1976-இல் ஆஸ்திரேலியாவில் பெய்லியும் லவ்வியும் அதைச் சீர்திருத்தி, ஒவ்வொரு வரியிலும் ஒரே எண்ணிக்கையில் எழுத்து, வரிக்கு வரி ஒரே விகிதத்தில் குறைவு என்று செய்தார்கள். தமிழில் அதைச் செய்வது எளிதல்ல. நமது எழுத்துக்களில் 'ப' மூன்று கோட்டில் அடங்குகிறது. 'ண' சுழித்துச் சுழித்துப் போகிறது. ஒரே அளவில் அச்சிட்டாலும் ஒன்று சீக்கிரம் புலப்படும், ஒன்று புலப்படாது. எந்த எழுத்துக்கள் சம அளவில் புலப்படுகின்றன என்பதைக் கண்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். செய்த அட்டையைப் பழைய அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் வேண்டும். அவ்விதம் தமிழ் எழுத்துக்களால் ஆன அட்டையை வகுத்துச் சோதித்த ஆராய்ச்சி ஒன்று 2009-இல் வெளிவந்திருக்கிறது. ஆப்டோமெட்ரி மாணவர்களுக்கு அதைவிட நல்ல மாதிரிக் கட்டுரை வேண்டுமா? நம் ஊர்ப் பாட்டியை ஆங்கில எழுத்தைப் படிக்கச் சொல்லி, படிக்கவில்லை என்று பார்வையைக் குறைத்து எழுதும் அநியாயத்தை அது தடுக்கிறது. எழுத்தே தெரியாதவர்களுக்கு, நாலு திசையிலும் திரும்பும் முக்கோல் குறி இருக்கவே இருக்கிறது.

*

ஊருக்குத் திரும்பும் முன்பு நம் மாணவி தன் பையிலிருந்து அந்தத் தானக் கட்டுரையை எடுத்து நம் மேஜைமேல் வைத்தாள். "எனக்கு இருக்கிற அவகாசத்தில் நூறு பேரைப் பார்க்க முடியாது, ஸார். இருபத்து நாலு பேர்தான் முடியும். இதிலோ நூறு பேர் இருக்கிறார்கள்" என்றாள்.

அந்த நூறு பேருக்கும் கண்ணே கிடையாது என்றோம். பிறவாத மனிதர்களின் கண்ணை அளந்து எழுதிய கணக்கு அது. நாளைக்கு ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தர் அதை நம்பி, எந்த ஊருக்கு எத்தனை கண்ணாடி என்று தீர்மானித்தால், அந்த ஊரில் உண்மையாக நூல் தெரியாமல் தவிக்கிறவள் இருட்டிலேயே இருப்பாள். இருபத்து நாலு சிறிய எண்தான். ஒரு காசைப் பத்துத் தடவை சுண்டினால் ஏழு தடவை தலை விழலாம். அதனால் காசில் மோசம் என்று சொல்லிவிட முடியாது. சிறிய கூட்டத்தில் அதிருஷ்டத்தின் கை ஓங்கியிருக்கும். ஆகவே, "இருபத்து நாலு பேரைப் பார்த்தேன், இவ்வளவுதான் சொல்ல முடியும்" என்று எழுதினால் யாரும் குறை கூற முடியாது. அடுத்த வருஷம் இன்னொருவர் அதன்மேல் கட்டலாம். பொய்யான நூறின்மேல் யாரும் ஒன்றும் கட்ட முடியாது.

"முடிவு ஒன்றும் வராமல் போய்விட்டால்?" என்று கேட்டாள்.

அதற்கு நம்மிடம் பதில் இருந்தது. வைட்டமின் மாத்திரைகள் கண்புரையைத் தடுக்குமா என்று தென்னிந்தியக் கிராமங்களில் 798 பேரைக் கொண்டு ஐந்து வருஷம் பரிசோதித்தார்கள். தடுக்கவில்லை. 2006-இல் அதை அப்படியே வெளியிட்டார்கள். அந்த ஐந்து வருஷ உழைப்பு வீணா? மாத்திரையை நம்பிக் கைக்காசைச் செலவழித்திருக்கக் கூடிய எத்தனையோ குடும்பங்களைக் கேட்டால் தெரியும். "இல்லை" என்பதும் ஒரு விடைதான். கணக்கு வாத்தியாருக்குப் பூஜ்யத்தின் அருமை தெரியாதா?

அவள் போய்விட்டாள். கலாசாலையின் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி பெற்று, பெண்களிடம் விஷயத்தைச் சொல்லிச் சம்மதம் வாங்கி, பன்னிரண்டு பன்னிரண்டு பேராகச் சீட்டுக் குலுக்கி ஆராய்ச்சியை நடத்தினாள் என்று பிறகு கடிதம் வந்தது. கண்ணாடி போட்டவர்கள் மாலையில் சீக்கிரமே வேலையை முடித்தார்களாம். கழிபட்ட பீடியிலோ, சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லையாம். அங்கே ஒருவர், "கழிவும் குறைந்தது என்று எழுதினால் கட்டுரை அழகாக இருக்குமே" என்று யோசனை சொன்னாராம். அவள் எழுதவில்லை. மார்க்குச் சற்றுக் குறைந்தது என்று வருத்தத்தோடு தெரிவித்திருந்தாள். ஆராய்ச்சி முடிந்த அன்று இரண்டாவது கூட்டத்துப் பெண்களுக்கும் கண்ணாடி கொடுத்தாயிற்று என்று கடைசி வரியில் எழுதியிருந்தாள்.

நம் பள்ளிக்கூடத்தில் அவள் வாங்கிய மார்க்குகள் இப்போது நமக்கு நினைவில்லை. கலாசாலையில் குறைந்த அந்த மார்க்கு மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. சுதந்திர தேசத்துக்கு அணைக்கட்டுகளும் ஆஸ்பத்திரிகளும் எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியம் நம்பத் தகுந்த கணக்கு. அதை எழுதப் போகிறவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள். விடுமுறைக்கு வரும் பிள்ளையிடம், "எத்தனை மார்க்கு?" என்று கேட்கிற பெற்றோர்கள், இனிமேல் அதோடு இன்னொன்றையும் கேட்கலாம்: "உன் கட்டுரையில் இருக்கிற மனிதர்களை நீ நேரில் பார்த்தாயா?"

அவளுடைய கடிதத்தை நாம் கையை நீட்டாமலே, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தோம். 3-ம் 8-ம் வெவ்வேறாகவே தெரிந்தன.